மிளகாய்ப் பரீட்சை

"மூக்கைக் காட்டுங்க" என்றாள் பொன்னாயி.

வீரையா முகத்தை நிமிர்த்திக் காட்டினான். அவள் பஞ்சை உருட்டி நீலகிரித் தைலத்தில் தோய்த்து இரண்டு துவாரத்திலும் அடைத்தாள். பிறகு தள்ளி நின்று, சுவரில் அடித்த ஆணி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"மூச்சு விடுங்க."

"வாயாலயா?"

"பின்ன, காதாலயா?"

"வாத்தியார் பார்த்துக் கேட்டா என்னா சொல்லுறது?"

"சளின்னு சொல்லுங்க. குன்னூர்ல சளி புடிக்காத மனுசன் யாரு இருக்கா? அந்த வாத்தியாருக்கே மூணு வாரமா மூக்கு அடைச்சுக் கெடக்கு. பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

வீரையாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வாத்தியார் அவன் முகத்தில் மிளகாய்த் தண்ணீர் அடிக்கப்போகிறார். அதைத் தாங்கிக்கொண்டு நின்றால் வேலை அவனுக்கு. தாங்காமல் ஓடினால் வேலை கந்தனுக்கு.

பாகிஸ்தான் சண்டை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் முள்ளிப்பாறை எஸ்டேட்டின் மேனேஜர், சண்டை நடந்த நாளெல்லாம் ரேடியோவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கேட்டுக் கேட்டு, தன் தேயிலைப் பேக்டரியையும் ஒரு ராணுவ முகாம் மாதிரி காக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மயில்சாமியைப் பயிற்சி வாத்தியாராகச் சூலூரிலிருந்து வரவழைத்தார். ஆட்களைச் சேர்த்துக் காக்கி உடுப்பு தைத்துக் கொடுத்தார். ஒரு மாதமாக நடை, ஓட்டம், மரத்துப்பாக்கி, தவழ்தல் என்று பயிற்சி நடந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தவழ்வது என்றால் அட்டைகளுக்கு விருந்து வைப்பது. தவழ்ந்து எழுந்தவர்களில் பாதிப் பேர் உடம்பில் தொங்கிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராகக் கொழுந்துக் காட்டுக்கே திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் மறுநாள் போனார்கள். கடைசியில் மிஞ்சியது வீரையாவும் கந்தனும்தான்.

காவல்காரன் வேலை ஒன்றே ஒன்று. நிரந்தர வேலை. அதோடு பேக்டரி கேட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டுக்குத் தனிச் சமையல்கட்டு உண்டு.

பொன்னாயிக்கு வேண்டியது அந்தச் சமையல்கட்டு. காரணம் அவளுடைய அம்மி. சிலோனில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது, ஒருவர் இவ்வளவுதான் கொண்டுபோகலாம் என்று சொன்னார்கள். மற்றவர்கள் துணிப்பெட்டியையும் பித்தளைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பொன்னாயி அம்மியை எடுத்துக்கொண்டாள். கல்லை எதற்கு இந்தியாவுக்குக் கொண்டுபோகிறாய், அங்கே கல் இல்லையா என்று கப்பலடியில் கேட்ட அதிகாரியிடம், "அங்க இருக்கிறது அவுங்க கல்லு. இது என் கல்லு" என்று சொன்னாள். இங்கே வந்ததும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை. நடுவில் சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் வீரையாவின் பெரியப்பா மகன் குடும்பம், இந்தப் பக்கம் இவர்கள். அம்மிக்கு இடமில்லை. இரண்டு மழைக்காலமாக அது வாசலில் நனைந்துகொண்டிருந்தது. பொன்னாயி குடையைப் பிடித்துக்கொண்டு சம்பல் அரைத்தாள்.

சம்பலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிலோனிலிருந்து வந்தவர்கள் மிளகாயைக் கடித்துக்கொண்டே பிறந்தவர்கள் என்று முள்ளிப்பாறையில் ஒரு நம்பிக்கை. அதற்குக் காரணம் பொன்னாயி அரைக்கும் கட்டச் சம்பல். காய்ந்த மிளகாயை உப்போடும் சின்ன வெங்காயத்தோடும் நசுக்கி எலுமிச்சை பிழிவாள். சேர்க்க வேண்டிய மாசிக் கருவாடு இங்கே கிடைப்பதில்லை. அந்தக் குறையை இன்னும் கொஞ்சம் மிளகாயால் நிரப்பிவிடுவாள். அதை ஒரு முறை ருசி பார்த்த பேக்டரி கிளார்க் அன்று அரை நாள் லீவு எடுத்தார்.

அந்த வீட்டில் வீரையா தயிர்ச்சோறும் வெல்லமும் சாப்பிடுகிறவன். ரசத்தில் மிளகு தட்டுப்பட்டால் எழுந்து நின்றுவிடுவான். பக்கத்து லயத்தில் யாராவது தாளித்தால் இவனுக்குக் கண் கலங்கும். இது பொன்னாயியைத் தவிர எஸ்டேட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பரீட்சை என்று அறிவித்த நாளிலிருந்து அவனைப் பழக்கப்படுத்தப் பார்த்தாள். முதலில் சோற்றில் கடுகளவு சம்பல் வைத்தாள். அவனுக்கு விக்கல் வந்தது, போகவில்லை. அதற்கு மூன்றாம் நாள் பயிற்சியில், வாத்தியார் "அட்டேன்ஷன்" என்று சொன்ன அமைதியில் ஒரு விக்கல் விக்கினான். பத்து முறை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். பிறகு, கண்ணைப் பழக்கலாம் என்று நெருப்பில் நாலு மிளகாயைப் போட்டு முகத்தைப் புகைக்குக் காட்டச் சொன்னாள். அவன் ஒரு தும்மல் தும்மினான். நெருப்பும் சாம்பலும் சேலைத் திரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பெரியப்பா மகனின் புது வேட்டியில் விழுந்தன. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை.

இனி அந்த லயத்தில் இருக்க முடியாது என்பதும் இப்படித்தான் உறுதியாயிற்று.

கடைசி முயற்சியாக வீரையா முந்தின நாள் சாயங்காலம் பயிற்சி முகாமின் சமையல்கட்டுக்குப் போனான். காரமடைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே சமைக்கும் கருப்பம்மா, கேத்தியிலிருந்து வந்த பீட்ரூட்டைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முறம் நிறையக் காய்ந்த மிளகாய். அதைப் பார்த்ததுமே அவனுக்கு மூக்கு நமைத்தது.

"அக்கா, இம்புட்டையுமா அரைக்கப்போறீங்க?"

"வாத்தியாரு உத்தரவுங்க. பூராத்தையும் அரைச்சு, தண்ணில கரைச்சு, வடிகட்டி டின்னுல ஊத்திக் குடுக்கோணுமாமா."

"பாதி போட்டாலும் செவப்பாத்தானக்கா இருக்கும்? யாருக்குத் தெரியப்போகுது?"

கருப்பம்மா கத்தியை நிறுத்தினாள். "இத பாருங்க தம்பி. மலைக்கு மேல மிளகா ஏறி வர்றதே பெரும்பாடு. பஸ்ஸு பர்லியாறுல நின்னுபோச்சுன்னா அன்னிக்குப் பூராவும் இங்க உப்புச் சாறுதான். சோத்துக்குப் போடற சாமானத்த மூஞ்சில அடிக்கறதாமா! எனக்கு மட்டும் வவுறு எரியலீங்களா? எரிஞ்சு என்ன பண்ண? போயிப் படுங்க."

போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை. இதோ விடிந்துவிட்டது. மூக்கில் பஞ்சு.

"இந்தாங்க துண்டு. தோள்ல போட்டுக்கங்க. எரிஞ்சா தொடச்சுக்கங்க" என்றாள் பொன்னாயி. "நானும் லீவு சொல்லிட்டு வந்து நிக்கிறேன். பயப்படாதீங்க."

"நான் எங்க பயந்தேன்?"

"அப்ப ஏன் சட்டைய முன்ன பின்ன மாத்திப் போட்டிருக்கீங்க?"

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம்தான் பயிற்சி மைதானம். சரிவில் வெட்டிய ஒரு தட்டையான இடம். கீழே பள்ளத்தாக்கு. மேலே தேயிலையும், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களும். ஒரு ஓரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதுதான் எஸ்டேட் மணி.

மயில்சாமி முதுகில் மருந்து அடிக்கும் பம்பை மாட்டிக்கொண்டு நின்றார். தேயிலையில் கொப்புள நோய் வந்தால் மருந்து தெளிக்கிற அதே பம்பு. ஆனால் இது புதிது, இதுவரை மருந்தே பார்க்காதது. எளிமையான, ஆனால் சாமர்த்தியமான கருவி. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே காற்று நெருக்கப்படும். நெருக்கிய காற்று தண்ணீரை ரப்பர் குழாய்க்குள் தள்ளும். குழாயின் முனையில் ஊசித் துளை. துளையை விட்டு வெளியே வரும் தண்ணீர் பூமாரியாகச் சிதறும். வாளித் தண்ணீரை ஊற்றினால் பாதி தரையில்தான் விழும். இது ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் முகம் முழுக்கப் படியும்.

"இங்க பாருங்கப்பா" என்றார் மயில்சாமி மூக்கடைத்த குரலில். "பட்டாளத்துல எங்கள ஒரு ரூமுக்குள்ள அடைச்சுக் கண்ணீர்ப்புகை உட்டாங்க. உள்ள நின்னு பேரு, நம்பரு சொல்லோணும். நான் பேரு, நம்பரு, ஊரு, எங்க அப்பன் பேரு எல்லாஞ் சொல்லிட்டு, ஒரு பாட்டும் பாடிட்டு வெளிய வந்தேன். இங்க புகைக்கு எங்க போறது? அதான் மிளகா. நானே கண்டுபுடிச்ச கலவை."

பேச்சோடு பேச்சாகப் பம்பின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ரத்தம் போல ஒரு திரவம் தளும்பியது. வீரையா கண்ணை மூடிக்கொண்டான். கந்தன் இரண்டடி பின்னால் போனான்.

"பரீட்சை இதுதான். நான் அடிப்பேன். நீங்க கண்ணைத் தொறக்கோணும். நடந்து போயி அந்த மணிய அடிக்கோணும். அடிச்சுட்டுப் பேரு, நம்பரு. அவ்வளவுதான். அப்புறம் கழுவிக்கலாம். தண்ணி ஆகாது, சொல்லிட்டேன். பாலு, இல்லாட்டி மோரு."

அதைச் சரியாகத்தான் சொன்னார். மிளகாய் வேலை செய்யும் விதம் அழகானது. நம் தோலிலும் நாக்கிலும் கண்ணிலும் சூட்டை அறிவிப்பதற்கென்றே நரம்பு நுனிகள் இருக்கின்றன. வெந்நீர் பட்டால் அந்த நுனியில் ஒரு சின்னக் கதவு திறக்கும்; "சுடுகிறது" என்று மூளைக்குத் தந்தி போகும். மிளகாயின் காரப் பொருளிடம் அதே கதவுக்கு ஒரு கள்ளச் சாவி இருக்கிறது. சூடே இல்லாமல் கதவைத் திறந்துவிடும். எதுவும் வேகவில்லை, எதுவும் கருகவில்லை. ஆனால் தந்தி வந்துவிட்டால் மூளை நம்பிவிடும். கண்ணைக் கொட்டச் சொல்லும், நீர் வடியச் சொல்லும், மூக்கை ஒழுகச் சொல்லும், ஓடச் சொல்லும். அந்தப் பொருள் எண்ணெய் ஜாதி. தண்ணீரில் கரையாது, தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். பாலிலும் மோரிலும் கொழுப்பு இருப்பதால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

"மொதல்ல வீரையா" என்றார் மயில்சாமி.

"ஏனுங்க, கந்தன் எனக்கு முன்னாடி சேந்தவன்…"

"நீ சிலோன்காரன். மிளகா உனக்கு முட்டாய் மாதிரி. நீ நிக்கறதப் பாத்துத்தான் கந்தனுக்குத் தைரியம் வரோணும். அட்டேன்ஷன்!"

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்னாயி களத்தின் ஓரத்தில் நின்றாள். வீரையா அவளைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் அம்மியில் அரைப்பதுபோல ஒரு ஜாடை காட்டினாள். எதை நினைக்க வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது.

உஸ்ஸ்ஸ்.

குளிர்ந்தது. ஜில்லென்று நெற்றியிலும் கன்னத்திலும் படிந்தது. வீரையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"எரியுதா?"

"இன்னும் இல்லீங்க."

"வரும். மொதல்ல குளிரும், அப்புறம் ஏறும். இப்ப நெத்தில ஏறுது பாரு."

வீரையா நெற்றியைக் கவனித்தான். ஆமாம், ஏறியது.

"இப்ப அப்படியே கண்ணுக்கு எறங்குது."

இறங்கியது.

"இனித்தான் இருக்குது வேடிக்கை!"

வீரையா அலறினான். அந்த அலறல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டு இன்னொருவனும் அலறுகிறான் என்று நினைத்து அவன் மேலும் பயந்துபோய் அலறினான். கந்தன் இதற்கு மேல் யோசிக்கவில்லை. பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தில் சரசரவென்று ஏறிவிட்டான்.

"டேய், எறங்குடா! என்ரா பண்றே அங்க?"

"காவல் காக்குறேனுங்க! மேல இருந்தாத்தானுங்க நல்லாத் தெரியும்!"

மயில்சாமி பம்போடு மரத்தடிக்கு ஓடினார். குழாயை மேலே நீட்டிக் கைப்பிடியை ஆட்டினார். அவர் சமவெளிக்காரர்; மலைக்காற்றின் கணக்கு தெரியாதவர். வெயில் அடிக்கும்போது சரிவு சூடாகும். சூடான காற்று மேலே ஏறும். அதனால் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். காலையிலிருந்து அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் அவர் பள்ளத்துப் பக்கமாக நின்றார். ஆனால் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தால் போதும். சரிவு குளிர்ந்துவிடும், காற்று கனமாகிவிடும், வந்த வழியே இறங்க ஆரம்பிக்கும். அந்த மேகம் அப்போது வந்தது.

மேலே போன பூமாரி மரத்தை எட்டிப் பார்த்துவிட்டு மயில்சாமியின் முகத்துக்குத் திரும்பியது.

"அய்யோ!" என்றார் மயில்சாமி. "என் கலவை!"

பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். பட்டாளத்தில் பாடிய பாட்டு வரவில்லை.

இதற்குள் வீரையா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்த மறுகணம், அதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

"பொன்னாயீ! துண்டு சுடுது!"

பொன்னாயி தன் கையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். விடியற்காலையில் சம்பல் அரைத்துவிட்டு எதில் கை துடைத்தோம் என்று யோசித்தாள். யோசித்து முடித்ததும் அதைப் பற்றிப் பேசாமல், "மோரு! மோரு கொண்டாறேன்!" என்று சமையல்கட்டை நோக்கி ஓடினாள்.

சமையல்கட்டு வாசலில் மோர்ப்பானை தயாராக இருந்தது. பயிற்சி முடிந்து வருகிறவர்களுக்குக் கருப்பம்மா வைத்தது. செம்பு நிறைய மொண்டுகொண்டு வந்து வீரையாவின் முகத்தில் வீசினாள். மிச்சத்தை மயில்சாமியின் தலையில் கவிழ்த்தாள். கொழுப்பு காரத்தை இழுத்துக்கொண்டு போகும் என்பது சரிதான். ஆனால் அது வெறும் மோருக்கு. கருப்பம்மாவின் மோரில் பச்சை மிளகாயும் இஞ்சியும் நசுக்கிப் போட்டிருந்தது.

இரண்டு பேரும் ஒரே குரலில், ஒரே சுருதியில் கத்தினார்கள்.

"என்ன ஊத்துனே தாயி?" என்றார் மயில்சாமி.

"நீங்க சொன்னதத்தான வாத்தியாரே ஊத்துனேன்! மோரு!"

"மோரு எப்படி எரியும்? அப்ப மிளகா உள்ள எறங்கிப்போச்சு! தேங்கா எண்ணெ… என் பெட்டில எண்ணெ இருக்குது… யாரும் பதறாதீங்க, நான் எடுக்கறேன்."

முதலுதவிப் பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கையால் துழாவினார். ஒரு சீசா அகப்பட்டது. கார்க்கைப் பல்லால் கடித்து இழுத்தார். மூக்கு அடைத்திருந்ததால் வாசம் தெரியவில்லை. வீரையாவின் மூக்கில் பஞ்சு, அவனுக்கும் தெரியவில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றி முதலில் மாணவனுக்கு, பிறகு தனக்கு என்று ஒரு நல்ல ஆசிரியனாகத் தடவினார்.

மரத்தின் மேலிருந்த கந்தனுக்கு வாசம் தெரிந்தது.

"அது தைலம்ங்க!" என்று கத்தினான்.

நீலகிரியில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கைக்கு வருவது தைல சீசாதான் என்பதைச் சமவெளிக்காரர் மறந்துவிட்டார். தைலத்துக்கும் மிளகாய்க்கும் குணம் வேறு. மிளகாய் சூட்டைச் சொல்லும் கதவைத் திறக்கிறது. தைலம் குளிர்ச்சியைச் சொல்லும் கதவைத் திறக்கிறது. இரண்டும் சேர்ந்து திறந்தால் மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு தந்தி வரும். எதை நம்புவது என்று தெரியாமல் அது உடம்பையே குதிக்கச் சொல்லிவிடும்.

மயில்சாமி புல்லில் உருண்டார். வீரையா குதித்தான். குதித்தபடியே தண்ணீர்த் தொட்டி இருக்கும் திக்கை நோக்கி ஓடினான்.

"அண்ணே, அங்குட்டுச் சாக்கடை!" என்றான் கந்தன் மேலிருந்து. "வலப்பக்கம்! உங்க வலப்பக்கம்! இப்ப நேரா… அய்யோ, நேரா போவாதீங்க!"

பொன்னாயி தொட்டியில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து, அதை அவன் கையில் திணித்து, "இந்தாங்க, இது பச்சத் தண்ணி!" என்றாள். அவன் வாங்கினான், கால் தடுக்கியது, கை வீசியது. செம்பு எதன் மீதோ மோதியது.

டங்.

வீரையா நின்றான். இது மணி. தேடிக்கொண்டு வந்தது தொட்டியை, கிடைத்தது மணி. கண் எரிந்தது, கன்னம் எரிந்தது, காதுமடல் குளிர்ந்துகொண்டே எரிந்தது. இன்னும் நாலடி வைத்தால் தொட்டியில் தலையை முக்கிவிடலாம். ஆனால் லயத்து வாசலில் மழையில் நனையும் அம்மி நினைவுக்கு வந்தது. அதன் பக்கத்தில் குடையோடு குனிந்திருக்கும் பொன்னாயி நினைவுக்கு வந்தாள். ஒரு முறை அடித்தது தற்செயல் என்று யாராவது சொல்லிவிட்டால்?

டங். டங். டங். டங்.

செம்பு நசுங்கும்வரை அடித்தான். பட்டாளத்து ஆளாக நிமிர்ந்து நின்று, கண்ணைத் திறந்தான். மங்கலாகப் பச்சையும் வெள்ளையும் தெரிந்தது. "வீரையா! நம்பர் ஏழு!" என்று கத்தினான். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா பேரையும் சொன்னான்.

எஸ்டேட்டில் நேரங்கெட்ட நேரத்தில் மணி இப்படி விடாமல் அடித்தால் பேக்டரியில் தீ என்று அர்த்தம். இலை உலர்த்தும் இயந்திரம் நின்றது. பெண்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். மேனேஜரின் ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது.

"எங்கே தீ?"

"இங்கதாங்க துரை" என்று வீரையா தன் முகத்தைக் காட்டினான்.

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். ராணுவத்தில் இருபது வருஷம் இருந்த ஹவில்தார் புல்லில் உருண்டுகொண்டிருந்தார். ஒரு பயிற்சியாள் மரக்கிளையைக் கட்டிக்கொண்டிருந்தான். நடுவில், முகமெல்லாம் செக்கச்செவேலென்று, மோர் சொட்ட, மூக்கில் பஞ்சோடு, சட்டை முன்பின்னாக இருக்க, ஒருத்தன் அட்டேன்ஷனில் நின்றான்.

"மயில்சாமி, என்ன இது?"

"மிளகாய்ப் பயிற்சி சார்… எமகாதகக் கலவை சார்… என்னாலயே தாங்க முடியல."

"இவன் தாங்கினானா?"

"மணி அடிச்சுட்டான் சார்" என்றார் மயில்சாமி. அவர் நேர்மையான மனிதர். "பட்டாளத்துலகூட நான் இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல."

மேனேஜரின் கண்ணிலும் நீர் வந்தது. அது தைல வாசனையாகவும் இருக்கலாம். அங்கேயே வேலையை அறிவித்தார். கேட் வீட்டுச் சாவியை வரவழைத்துப் பொன்னாயியின் கையில் கொடுத்தார். அவள் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பாதையில், தலையில் அம்மியும் இடுப்பில் குழவியுமாக ஒருத்தி போவதைப் பார்த்தார்கள். மேனேஜர், பக்கத்து எஸ்டேட்காரர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஊட்டிக்குப் புறப்பட்டுப் போனார்.

குணமாவதற்கு அவசரப்படக் கூடாது. நல்ல பாலில் நனைத்த சுத்தமான துணியால், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணைக் கழுவக் கண்ணீரைவிட நல்ல தண்ணீர் கிடையாது. கொட்டிக் கொட்டி விட்டால் அதுவே கழுவிக்கொண்டு வந்துவிடும். பிறகு காற்றைப் பார்த்து உட்கார வேண்டும். வாத்தியாரும் மாணவனும் அப்படியே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேகம் விலகியது. கந்தனும் இறங்கி வந்து, தள்ளியே உட்கார்ந்தான்.

மத்தியானம் இலை போட்டார்கள். புதுக் காவல்காரனுக்கு மரியாதையாக முதல் இலை. பீட்ரூட் பொரியல், சோறு, குழம்பு. வீரையா இனிமேல் தயிர் கேட்க முடியாது. மிளகாய்த் தண்ணீரில் குளித்தவன் குழம்புக்கு அஞ்சலாமா? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் எடுத்து வைத்தான்.

காது இரண்டும் அடைத்தது. உச்சந்தலை வேர்த்தது. பக்கத்து இலையில் மயில்சாமியும் ஒரு வாய் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"அக்கா" என்றான் வீரையா, குரல் வந்ததும். "வாத்தியாரோட கலவைகூட இம்புட்டுக் காரம் இல்லையேக்கா!"

கருப்பம்மா குழம்பை அடிவரைக்கும் கலக்கி, அவன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"எப்படிங்க தம்பி இருக்கும்? வாத்தியாரு குடுத்த மிளகா பூராவும் இந்தக் குழம்புலதானுங்க கெடக்குது. அந்த டின்னுல நான் ஊத்திக் குடுத்தது பீட்ரூட் வேகவெச்ச தண்ணிங்க."